ஒழுங்கைக்குப் பூட்டு

லண்டன் பிளேஸ்டோவில் எங்கள் வீட்டு வரிசைக்குப் பின்னால் ஓர் ஒழுங்கை, ஒடுங்கிய நடைபாதை, உண்டு. அதன் இரு முனையிலும் இரும்புக் கதவு போட்டுப் பூட்டச் சொல்லிக் கவுன்சிலுக்குப் போன மனுவில் முதல் கையெழுத்து என்னுடையது. தமிழர் வீடுகளில் தாலிக்கொடி இருக்கும் என்பது கள்ளருக்குத் தெரியும். என் நாட்குறிப்பின்படி, கையெழுத்துப் போட்டது ஒரு திங்கட்கிழமை.

அடுத்த மாதம் மனைவியும் நானும் கென்யாவின் லாமு தீவுக்குப் போனோம். பழைய சுவாஹிலி நகரம். கைகளை விரித்தால் இருபக்கச் சுவரும் தொடும் தெருக்கள். கார் நுழையாது, பொதி ஏற்றிய கழுதை நுழையும். எதிரெதிர் வீட்டு வாசல்கள் நேருக்கு நேர் வராமல் சற்று விலகியே இருக்கும், திறந்திருந்தாலும் உள்ளே கண் போகாது. கழுதை வந்தால் யாருடைய வாசற்படியிலாவது ஏறவேண்டும். ஏறியபின் அந்த வீட்டாரை நலம் விசாரிக்காமல் இறங்க முடியாது.

முழங்கால் சத்திரசிகிச்சைக்குப் பிறகு லண்டனில் தனியே வெளிக்கிடாத என் மனைவி, மூன்றாம் நாள் தனியாகப் போய்ப் பொரித்த இனிப்பு ரொட்டி வாங்கி வந்தாள்.

"வழி தெரிஞ்சுதோ?" என்றேன்.

"நான் எங்கை தங்கிறன் எண்டு தெருவுக்கே தெரியுமப்பா. இங்கை களவெடுத்தாலும் ஒளிக்கேலாது."

பிளேஸ்டோவுக்குத் திரும்பியதும் அவள் கைத்தடியோடு பின்ஒழுங்கையில் நடக்கத் தொடங்கினாள். தள்ளுவண்டி வந்தால் ஒதுங்குவாள், பேச்சுக் கொடுப்பாள். அப்போதுதான் கவுன்சில் கடிதம் வந்தது: கதவு பற்றி வியாழக்கிழமை கூட்டம். சாவி எங்கள் வரிசை வீடுகளுக்கு மட்டும் தருவார்கள். ஆனால் அந்த வழியால் போய்வருகிற மற்றவர்கள் வராமல் நின்றுவிடுவார்கள். ஆளில்லாத ஒழுங்கையில் அவள் யாரோடு பேசுவாள்?

கூட்டத்தில் எழுந்து, கதவு வேண்டாம் என்றேன்.

"அண்ணை, முதல் கையெழுத்தே உங்கடைதானே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர். "ஆபிரிக்க வெயில் தலைக்கு ஏறிட்டுதோ?"

எல்லோரும் சிரித்தார்கள்.

"ஓம், என்ரைதான். திகதியோடை எழுதி வைச்சிருக்கிறன். அந்தக் கையெழுத்தை இண்டைக்கு வெட்டுறன். ஆள் நடமாட்டம் நிண்டால் ஆர் கள்ளனைக் காணுறது?"

"உங்கடை நகை போனால்?"

"அது நாளைக்கு வங்கி லாக்கருக்குப் போகுது."

கதவு வேண்டாம் என்று பாதிப் பேராவது எழுதித் தந்தால் மறுபடி பார்ப்போம் என்றார் கவுன்சில் அலுவலர். மறுநாள் காலையே நாங்கள் இருவரும் ஒழுங்கை வழியாகவே இறங்கினோம். பின்கதவுகளைத் தட்டுவதும் பேசுவதும் மனைவி. திகதி போடுவது நான். பக்கத்து வீட்டுக்காரர் இன்னும் கையெழுத்துப் போடவில்லை. அவர் வீட்டுக்கு மூன்று தரம் போய்விட்டோம், நாளையும் போவோம்.