அரிப்பு மாத்திரை

எங்கள் வீட்டில் கத்தரிக்காய் நின்றுபோனதற்குக் காரணம் நைனாவின் கழுத்து. அப்புறம் கருவாடு நின்றது. அதற்கப்புறம் நண்டு, இறால் என்று ஒவ்வொன்றாகச் சட்டியை விட்டுப் போயின. நைனாவுக்கு அரிப்பு எடுத்தால், முதல் நாள் என்ன சமைத்தோம் என்று அம்மா யோசிப்பாள். யோசித்து எப்படியும் ஒரு குற்றவாளியைப் பிடித்துவிடுவாள். காசிமேட்டு மீன்பிடித் துறைமுகத்துக்கு இத்தனை பக்கத்தில் இருந்துகொண்டு மீன் வாசனைக்கு ஏங்கிக் கிடந்த பிள்ளை நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். அந்தக் கடுப்பு இன்னும் தீரவில்லை.

நைனா, அதாவது என் அப்பா, தண்டையார்பேட்டையில் ஒரு சிமெண்ட் குடோனில் லோடுமேன். கூட்ஸ் ரயிலில் வரும் மூட்டை லாரி ஏறி குடோனில் இறங்கும். அங்கிருந்து மறுபடி சின்ன வண்டிகளில் ஏறும். அத்தனையையும் ஆட்கள்தான் தோளில் சுமந்தார்கள். வேர்வையில் நனைந்த தோளில், மூட்டையிலிருந்து கசியும் தூள் அப்பிக் குழம்பாகும். சாயங்காலம் வியாசர்பாடி ஹவுசிங் போர்டு படியேறி வரும்போது அவருடைய புருவம்கூடச் சாம்பல் நிறத்தில் இருக்கும். தொண்ணூறுகளின் கடைசியில், நான் பள்ளிப் படிப்பை முடிக்கும் சமயத்தில், அவர் பிடரி சிவந்து தடித்தது. பிறகு முன்கை, விரல் இடுக்கு. கொப்புளம் உடைந்து நீர் வடியும், காய்ந்தால் தோல் வெடிக்கும். சோற்றில் ரசம் ஊற்றிப் பிசையும்போது எரிச்சல் தாங்காமல் கையை உதறுவார்.

குடோனில் அவருக்குத் தனி டம்ளர் வைத்தார்கள். டீக்கடைக்காரர் வைக்கவில்லை, கூட மூட்டை தூக்கும் தோஸ்துகளே வைத்தார்கள். பெருவியாதி, குஷ்டம் என்று யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். தனி டம்ளர் வேண்டாம் என்றுதான் எங்கள் தாத்தா ஊரை விட்டுப் பட்டணம் வந்தார். இங்கேயும் அது எங்களைத் தேடி வந்துவிட்டது. நைனா இதை வீட்டில் சிரித்துக்கொண்டேதான் சொன்னார். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அரசு ஆஸ்பத்திரியின் தோல் பிரிவில் ஒரு டாக்டரம்மா அவர் முதுகில் வரிசையாகச் சின்னச் சின்ன வில்லைகளை ஒட்டி அனுப்பினார். ஒவ்வொரு வில்லையிலும் ஒவ்வொரு பொருள். எது உடம்புக்கு ஆகவில்லையோ அந்த இடம் மட்டும் தடிக்குமாம். இரண்டு நாள் குளிக்கக் கூடாது, வேர்க்கவும் கூடாது என்றார். அப்போது சித்திரை மாதம். எங்கள் வீட்டிலோ ஒரே ஒரு ஜன்னல். நைனா சட்டையில்லாமல் நாற்காலியைத் திருப்பிப் போட்டு உட்கார்ந்திருந்தார். கரண்ட் போனபோதெல்லாம் நானும் அம்மாவும் மாறி மாறி விசிறினோம். அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வாசலில் நின்று வேடிக்கை பார்த்தார்கள். என் வாய்க்குப் பயந்துதான் உள்ளே வரவில்லை.

வில்லைகளைப் பிரித்தபோது எல்லா இடமும் சும்மா இருந்தது. ஒரே ஒரு வட்டம் மட்டும் சிவந்து, ஓரமெல்லாம் பொடிக் கொப்புளமாக எழுந்திருந்தது. சிமெண்டில் இருக்கும் குரோமியம் என்கிற உலோகம் அது என்றார் டாக்டரம்மா. பெருவியாதி இல்லை, யாருக்கும் ஒட்டாது. ஆனால் இனிமேல் சிமெண்ட் பக்கமே போகக் கூடாது, ஆயுசுக்கும். நைனா சட்டைப் பொத்தானைக்கூடப் போடாமல் நின்றார்.

"முப்பது பேரு தூக்கறோம்மா. எனக்கு மட்டும் இன்னாத்துக்கு?"

"அது எங்களுக்கும் தெரியலைங்க" என்றார் டாக்டரம்மா. அதற்குப் பிறகு எத்தனையோ டாக்டர்களிடம் வேலை பார்த்துவிட்டேன். தெரியவில்லை என்று நோயாளியிடம் சொன்னவர் அவர் ஒருவர்தான்.

அன்றைக்குச் சாயங்காலமே அம்மா கருவாடு வறுத்தாள்.

நைனா திருவொற்றியூரில் ஒரு கண்டெய்னர் யார்டில் வாட்ச்மேனாகச் சேர்ந்தார். சில மாதத்தில் தோல் சுத்தமாக ஆறிவிட்டது. ஆள்தான் ஆறவில்லை. நாள் முழுக்க நாற்காலியில் உட்கார்ந்திருப்பது அவருக்குச் சிறைவாசம். மூட்டை தூக்கின தோளைத் தொங்கப்போட்டுக்கொண்டு, வருகிற லாரிக்கெல்லாம் சலாம் போடுவதாம். குடோன் ஆட்களை வழியில் பார்த்தால் தெருவை மாற்றிக்கொண்டு போனார். தூக்கிக்கொண்டிருந்தவரைக்கும் தான் ஒரு ஆள், இப்போது ஆளே இல்லை என்று அம்மாவிடம் ஒருநாள் சொல்லியிருக்கிறார்.

அந்தச் சமயத்தில் நான் லேப் டெக்னீஷியன் படிப்பில் சேர்ந்திருந்தேன். ஒருநாள் வகுப்பில், நோயை எதிர்க்கும் வெள்ளையணுக்களில் ஒரு வகையான டி செல்களைப் பற்றிப் பாடம் நடந்தது. ஆசிரியர் கரும்பலகையில் வரைந்ததை எல்லோரும் படமாகப் பார்த்தார்கள். நான் நைனாவின் முதுகாகப் பார்த்தேன்.

தோலில் காவல் செல்கள் உண்டு. அந்நியமாக எதையாவது பிடித்தால், அக்குளிலோ கழுத்திலோ இருக்கும் நிணக்கணுவுக்குத் தூக்கிக்கொண்டு போய் அங்கே கூடியிருக்கும் டி செல்களிடம் காட்டும். டி செல்கள் கோடிக்கணக்கில் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் அடையாளம் தெரிவது தனக்குப் பொருந்துகிற உருவம் மட்டும்தான். பொருந்துகிற செல் விழித்துக்கொண்டு பெருகும். குரோமியம் தனியாக வந்தால் டி செல்லுக்குத் தெரியாத அளவுக்குப் பொடிசு. அது நம் தோலின் புரதத்தில் போய் ஒட்டிக்கொள்கிறது. அப்படி மாறிப்போன நம் புரதத்தைப் பார்த்து, இது அந்நியம் என்று டி செல் முடிவு கட்டிவிடுகிறது. அடி விழுவது நம் தோலுக்கு. சண்டை ஓய்ந்த பிறகும் சில செல்கள் ஞாபகத்தோடு தங்கிவிடும். அதே பொருள் மறுபடி பட்டால், அவை திரண்டு வர ஒருநாளோ இரண்டு நாளோ ஆகும். வெள்ளிக்கிழமை தூக்கின லோடுக்கு ஞாயிற்றுக்கிழமை அரித்தது அதனால்தான். பாவம், கருவாடு அநியாயமாக மாட்டிக்கொண்டது.

இன்னொரு வகை டி செல்லும் உண்டு என்றார் ஆசிரியர். அது மற்ற செல்களைப் பார்த்து, போதும் விடு என்று அடக்குகிற செல். குடோனில் மற்றவர்கள் உடம்பில் அந்த அடக்குகிற செல்கள் ஒழுங்காக வேலை பார்த்திருக்கலாம். நைனாவின் உடம்பில் ஏன் பார்க்கவில்லை என்பது பாடத்தில் இல்லை.

வீட்டுக்கு வந்து நைனாவிடம் சொன்னேன். தோல் ஆறினாலும் அந்தச் செல்கள் மறக்காது, திரும்பிப் போகும் யோசனை வேண்டாம் என்றேன். அவர் தன் கையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"நானே மறந்துட்டேன். அது இன்னா மறக்காம கீது?"

மறுமாதமே குடோனுக்குத் திரும்பிவிட்டார். கொஞ்ச நாளில் கழுத்து பழையபடி பொங்கும் என்று நானும் அம்மாவும் பயந்துகொண்டிருந்தோம். ஒன்றும் ஆகவில்லை. நாலு மாதம் நாற்காலியில் உட்கார்ந்தது நல்லதாகப் போயிற்று, ரத்தம் சுத்தமாகிவிட்டது என்றார் நைனா. நடந்ததே வேறு. போன மூன்றாம் நாளே கழுத்து வெடித்திருக்கிறது, துண்டைச் சுற்றி எங்களிடம் மறைத்திருக்கிறார். கூட வேலை செய்யும் தோஸ்து ஒருவர், டோல்கேட் பக்கம் ஒரு மருந்துக்கடையில் குட்டி வெள்ளை மாத்திரைகள் வாங்கிக் கொடுத்திருக்கிறார். குடோனில் அதற்கு அரிப்பு மாத்திரை என்று பெயர். போட்ட மறுநாளே தோல் காய்ந்துவிட்டதாம். அதிலிருந்து தினமும் போட்டுக்கொண்டு மூட்டை தூக்கியிருக்கிறார். அட்டையைத் தலைத்துண்டில் முடிந்து குடோனிலேயே வைத்திருந்ததால் வீட்டில் யாருக்கும் தெரியவில்லை. இதையெல்லாம் நான் பிற்பாடுதான் தெரிந்துகொண்டேன்.

அந்த ஒன்றரை வருஷம்தான் நைனா சந்தோஷமாக இருந்த காலம். தனி டம்ளர் போய்விட்டது. கன்னம் உப்பி, முகம் வட்டமாகிக் களையாக இருந்தார். தெருவில் பார்த்தவர்களெல்லாம், இன்னா மாமு, நல்லா சதை போட்டுட்டே என்று விசாரித்தார்கள். அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. கல்யாணத்தன்றுகூட இவர் இப்படி இருந்ததில்லை என்று சொல்லி, டோல்கேட் ஸ்டுடியோவுக்கு அழைத்துப் போய் ஒரு போட்டோ எடுத்து மாட்டினாள். எங்கள் பக்கத்தில் கன்னம் உப்பினால் அதற்கு ஒரே அர்த்தம்தான், சோறு நன்றாகக் கிடைக்கிறது.

பிறகு இருமல் வந்தது. சாயங்காலமானால் காய்ச்சல். முகம் அப்படியே வட்டமாக இருக்க, கையும் காலும் மட்டும் குச்சியாக இளைத்தன. பக்கத்துக் கிளினிக் டாக்டர் முன்கையில் ஊசியால் ஒரு சொட்டு மருந்து ஏற்றினார். காசநோய்க் கிருமியை ஏற்கெனவே பார்த்த டி செல்கள் உடம்பில் இருந்தால், இரண்டு மூன்று நாளில் அங்கே கூடி அந்த இடத்தைத் தடிக்க வைக்கும். முதுகில் வில்லை ஒட்டிப் பார்த்தது மாதிரிதான் இதுவும் என்று அம்மாவுக்கு நானே விளக்கினேன். நைனாவின் கை மொழுமொழுவென்று இருந்தது. டிபி இல்லை என்றார் டாக்டர். அம்மா கோயிலுக்குப் போய் சூடம் ஏற்றினாள். நானும்தான் நிம்மதியாகத் தூங்கினேன்.

தினமும் ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா என்று அந்த டாக்டர் கேட்டிருந்தார். இல்லை என்று நைனா தலையாட்டினார். அவர் கணக்கில் மருந்து என்பது நோய்க்குச் சாப்பிடுவது. வேலைக்காகச் சாப்பிடுவது அதில் சேராது.

மூச்சு வாங்கி நடக்க முடியாமல் போனபோது மறுபடி அரசு ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். எக்ஸ்ரேயில் இரண்டு நுரையீரலிலும் ரவையை இறைத்த மாதிரி பொடிப்பொடியாகப் புள்ளிகள். காசநோய் உடம்பு முழுக்கப் பரவிவிட்டது என்றார்கள். வார்டு டாக்டர் நைனாவின் முகத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டு, ஸ்டீராய்டு எத்தனை நாளாகப் போடுகிறார் என்று எங்களைக் கேட்டார். எங்களுக்கு ஒன்றும் புரியவில்லை. பார்க்க வந்திருந்த அந்தத் தோஸ்துதான் கதவோரம் நின்றபடி, அரிப்பு மாத்திரை சார், தினமும் ரெண்டு, ஒன்றரை வருஷமா என்று சொன்னார்.

அதற்குமேல் எனக்கு யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. எங்கள் பக்கத்தில் பாதிப் பேருக்குக் காசநோய்க் கிருமி சின்ன வயதிலேயே நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்திருக்கும். டி செல்கள் அதைச் சுற்றி வளைத்து, நகரவிடாமல் வைத்திருக்கும். ஆள் ஆயுசு முழுக்க மூட்டை தூக்கிக்கொண்டு நன்றாகவே இருப்பார். ஸ்டீராய்டுக்கு டி செல்களில் வேண்டியவர், வேண்டாதவர் என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது. சிமெண்டைப் பார்த்துக் கத்தின செல்களின் வாயை அடைத்த மாத்திரை, கிருமிக்குக் காவல் நின்ற செல்களையும் சேர்த்து அடக்கிவிட்டது. முன்கையில் ஏற்றின ஊசிக்குப் பதில் சொல்லக்கூட அங்கே யாரும் மிச்சம் இல்லை.

எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமில்லை. டாக்டர் சீட்டு இல்லாமல் மாத்திரை விற்ற கடைக்காரன் மேல், வாங்கிக் கொடுத்த தோஸ்து மேல், எல்லாரையும்விட நைனா மேல். டாக்டர் கேட்டபோது ஏன் சொல்லவில்லை என்று படுக்கைக்குப் பக்கத்தில் நின்று கேட்டேன்.

"சொன்னா நிறுத்த சொல்லுவாங்க கண்ணு. நிறுத்துனா மறுபடியும் அந்த நாற்காலி."

காசநோய் மருந்து கொடுத்தார்கள். ஸ்டீராய்டைச் சட்டென்று நிறுத்தவும் முடியாது என்று சிறுகச் சிறுகக் குறைத்தார்கள். ஸ்டீராய்டு ஊதிவிட்டிருந்த முகத்தின் வட்டம் வடிந்து, உள்ளேயிருந்து எங்கள் பழைய நைனா எட்டிப் பார்த்தார். அந்த முகத்தோடு சில வாரம்தான் இருந்தார்.

கண்ணீர் அஞ்சலி போஸ்டருக்கு அம்மா அந்த ஸ்டுடியோ போட்டோவைத்தான் கொடுத்தாள். தெரு முழுக்க உப்பின கன்னத்தோடு நைனா சிரித்துக்கொண்டிருந்தார். போஸ்டரைப் பார்த்தவர்கள், ஆள் எவ்வளவு நல்லா இருந்தாரு என்று வருத்தப்பட்டார்கள். எனக்கு ஒவ்வொரு போஸ்டராகக் கிழிக்க வேண்டும் போல இருந்தது. கிழிக்கவில்லை, அம்மாவுக்காக.

மூலக்கொத்தளம் இடுகாட்டில் அடக்கம் செய்தோம். காரியம் முடிந்த கையோடு குடோன் ஆட்கள் எல்லோரும் சேர்ந்து சமாதிக்கு வந்தார்கள். தனி டம்ளர் வைத்தவர்களும், மாத்திரை வாங்கிக் கொடுத்தவரும் அதில் இருந்தார்கள். மழையில் மண் கரைந்துபோகும், எங்கள் செலவிலேயே மேடை கட்டித் தருகிறோம் என்றார்கள். மணல் வந்து இறங்கியது. மாத்திரை வாங்கிக் கொடுத்தவர், தோளில் ஒரு சிமெண்ட் மூட்டையோடு வந்து நைனாவின் தலைமாட்டில் இறக்கினார்.

அம்மா அதுவரைக்கும் ஒரு ஓரமாக உட்கார்ந்திருந்தாள். எழுந்து வந்து, அந்த மூட்டைக்கும் மண்மேட்டுக்கும் நடுவில் நின்றாள்.

"சிமெண்ட் வாணாம்ணா" என்றாள். "அவுருக்கு ஒத்துக்காது."

அந்தத் தோஸ்து குனிந்து, மூட்டையை மறுபடி தன் தோளிலேயே தூக்கிக்கொண்டு போனார்.