பெருமாள்மலை வளைவில் எடுத்த வருகைப் பதிவு

எங்கள் பள்ளிக்கூடத்தில் போன் எடுக்காது. பெருமாள்மலையிலிருந்து பேத்துப்பாறைப் பக்கம் இறங்கும் பாதையில், இரண்டு சரிவுகளுக்கு நடுவே பள்ளத்தில் இருக்கும் அரசு உயர்நிலைப் பள்ளி அது. நான் அங்கே தலைமை ஆசிரியை. வீடு கொடைக்கானலில். காலையில் பஸ்ஸில் பெருமாள்மலைக்கு வந்து, அங்கிருந்து ஜீப்பில் இறங்குவேன். ஜீப்புக்காரர் ஆள் சேரட்டும் என்று வளைவில் ஒரு பத்து நிமிஷம் நிறுத்துவார். பள்ளிக்கு இறங்குமுன் எனக்கு ஒழுங்காகச் சிக்னல் கிடைக்கும் கடைசி இடம் அதுதான்.

அந்தப் பத்து நிமிஷத்தில் பத்தாம் வகுப்புக்கு நான் வருகைப் பதிவு எடுத்துவிடுவேன். பிள்ளைகள் அப்போது வீட்டில் தலை சீவிக்கொண்டிருப்பார்கள். நான் ஜீப்பின் முன்சீட்டில் உட்கார்ந்து, போனில் பத்தொன்பது பேரும் வந்தாயிற்று என்று பச்சை போட்டு அனுப்பியிருப்பேன். ஒன்பதரைக்குள் பதிவு போய்ச் சேராவிட்டால் மேலே இருந்து கேள்வி வரும். வாட்ஸ்அப் குழுவில் பள்ளியின் பெயர் எல்லாரும் பார்க்கக் கிடக்கும். முதலில் எல்லாருக்கும் பச்சை, சாயங்காலம் திரும்பும்போது அதே வளைவில் வராதவர்களைத் திருத்திக்கொள்ளலாம். இது யாரும் சொல்லித்தந்ததல்ல, நானே கண்டுபிடித்த வித்தை. அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைகூட இருந்தது. ஒரு மாதம் ஒழுங்காகத் திருத்தினேன். பிறகு சில நாள் திருத்தினேன். பிறகு மறந்தே போனேன்.

அந்தக் காலத்துப் பள்ளிக்கூடம் பொன்னாக இருந்தது என்று கதை விட நான் வரவில்லை. முப்பது வருஷத்துக்கு முன்பு கணக்கு டீச்சராக இந்த மலைக்கு வந்தபோது பெண்பிள்ளைகளுக்குக் கழிப்பறை கிடையாது. எட்டாவது முடிந்ததும் பாதிப் பேர் காப்பித் தோட்டத்துக்குப் போனார்கள், நாங்களும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. நான் பிள்ளைகளை அடிக்கவும் செய்திருக்கிறேன். ஒரு பையனுக்கு உள்ளங்கை தடித்துப்போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. இன்றைக்குப் பிள்ளைகளுக்குச் செருப்பு, புத்தகம், பஸ் பாஸ் எல்லாம் கிடைக்கிறது. பிரம்பு ஒழிந்தது. நல்லதுதான், மறுக்க முடியுமா?

ஆனால் அன்றைக்குப் பேர் வாசித்தோம். நீள நோட்டை விரித்து ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டால் ஒவ்வொரு குரல் திரும்பி வரும். யாருக்குச் சளி, யார் சாப்பிடாமல் வந்திருக்கிறார், யார் வீட்டில் நேற்றுச் சண்டை என்பதெல்லாம் அந்தக் குரலிலேயே ஓரளவு தெரிந்துவிடும். ஒரு பிள்ளை மூன்று நாள் வராவிட்டால் நாலாம் நாள் மதியம் யாராவது ஒருவர் வீட்டுக்கு நடப்போம். எந்த அரசாணையிலும் இல்லாத வழக்கம் அது. போய்ச் சண்டை போட்டுப் பிள்ளையைக் கையோடு கூட்டி வந்ததும் உண்டு, தகப்பனிடம் திட்டு வாங்கிக்கொண்டு திரும்பியதும் உண்டு. தலைமை ஆசிரியை ஆனபிறகு நான் வகுப்புக்குள் போவதே அபூர்வமாகிவிட்டது. கூட்டம், பயிற்சி, படிவம், காலைச் சாப்பாட்டைப் படம் பிடித்து அனுப்பு, மரம் நட்டதைப் படம் பிடித்து அனுப்பு. பிள்ளைகளைவிட அவர்களின் படங்களைத்தான் நான் அதிகம் பார்த்தேன்.

நான் சொல்ல வந்த பெண் பத்தாம் வகுப்பில் இரண்டாவது பெஞ்சில் இருந்தாள். இடது கையால் எழுதுவாள். இலங்கைத் தேயிலைத் தோட்டத்திலிருந்து திரும்பி வந்த குடும்பம்; தாத்தா காலத்தில் வந்து இங்கே சரிவில் குடிசை போட்டவர்கள். அவர்களின் குடியிருப்பை ஒருமுறை சர்வேக்காரர்கள் அளக்க வந்தார்கள். டேப்பின் ஒரு முனையை இவள் கையில் கொடுத்துப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார்கள். மறுநாள் என் அறைக்கு வந்து, "டீச்சர், சர்வேயர் ஆகணும்னா என்ன படிக்கணும்?" என்று கேட்டாள். சொன்னேன். "அப்ப எங்க வீட்ட நானே அளப்பேன். அவுக தப்பா அளந்துட்டுப் போயிட்டாக" என்றாள். எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அவள் சிரிக்கவில்லை.

அவளுடைய அப்பா ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் மூட்டை தூக்குகிறவர். மாதத்துக்கு ஒருமுறை, கேரட் ஏற்ற வரும் லாரியில் தொற்றிக்கொண்டு மேலே வருவார். அம்மா தோட்டங்களில் கூலி வேலைக்குப் போகிறவள். அவர்கள் வீட்டிலும் சிக்னல் கிடையாது. பிள்ளை ஒரு நாள் வராவிட்டால் பெற்றோரின் போனுக்குத் தானாகச் செய்தி போய்விடும்; இந்தப் புது ஏற்பாட்டை அவர் முழுசாக நம்பினார். அதற்குக் காரணம் இருந்தது. முந்தின வருஷம் இவளுக்குக் காய்ச்சல் வந்து இரண்டு நாள் வரவில்லை. ஒன்பதாம் வகுப்பு ஆசிரியர் அதை ஒழுங்காகப் பதிந்தார். செய்தி போனது. மனிதர் மூட்டையைப் போட்டது போட்டபடி அன்றைக்கே மலையேறி வந்துவிட்டார். வந்தவர் என்னிடம், "எனக்குப் படிக்கத் தெரியாது டீச்சர், பக்கத்துல நிக்கிறவங்கிட்ட காட்டிக் கேட்டேன். இந்தப் போனு இருக்குற வரைக்கும் எனக்குக் கவல இல்ல" என்றார்.

பத்தாம் வகுப்புக்கு அந்த வருஷம் நிரந்தர ஆசிரியர் இல்லை. தற்காலிகமாக ஒரு சின்னப் பெண்ணை எடுத்திருந்தோம். அவளுக்குப் போனில் பதிவு போட அனுமதி வரவில்லை. அதனால்தான் அந்தச் சோலி என் தலையில் விழுந்தது. டிசம்பரில் ஒரு நாள் அந்தச் சின்ன டீச்சர் வராந்தாவில் என்னை நிறுத்தி, "அந்தப் பொண்ணு ஒரு வாரமா வரல டீச்சர். அம்மாவுக்கு ஒடம்பு முடியலைன்னு பிள்ளைங்க சொல்லுது" என்றாள். மறுநாள் அதிகாரிகள் ஆய்வுக்கு வருவதாக இருந்தது. நான் ஏதோ படிவத்தைத் தேடிக்கொண்டிருந்தேன். "பாப்போம்மா" என்றேன். பார்க்கவில்லை. மறுநாள் காலை வளைவில் அவளுக்கும் பச்சை போட்டேன். அதற்கடுத்த நாளும், அதற்கடுத்த வாரமும்.

பொங்கல் வரை மார்க்கெட்டில் வேலை நெருக்கடி என்று இரண்டு மாதமாக மேலே வராத அவளுடைய அப்பா, ஜனவரி கடைசியில் பள்ளிக்கூட வாசலில் லாரியிலிருந்து இறங்கினார். கையில் ஒரு கட்டு முருங்கைக்காய். வீட்டுக்குப் போகிற வழியில் பள்ளிக்கூடம் இருப்பதால் மகளைப் பார்த்துவிட்டுப் போகலாம் என்று வந்திருக்கிறார். முருங்கைக்காயை என் மேஜையில் வைத்துவிட்டு, "அடுத்து எந்தப் படிப்புல போடணும்னு நீங்கதான் சொல்லணும். கொஞ்சம் புள்ளையக் கூப்பிடுங்க டீச்சர்" என்றார். நானும் ஒரு பிள்ளையை அனுப்பினேன். சத்தியமாகச் சொல்கிறேன், சின்ன டீச்சர் சொன்னது மறந்தே போய், அவள் வகுப்பில் இருப்பாள் என்று நம்பித்தான் அனுப்பினேன். போன பிள்ளை திரும்பி வந்து வாசலிலேயே நின்று, "அவ வந்து ரொம்ப நாளாச்சே டீச்சர். மில்லுக்குப் போயிட்டா" என்றது.

அவர் என்னைப் பார்க்கவில்லை. சட்டைப் பையிலிருந்து போனை எடுத்துப் பார்த்தார். திருப்பித் திருப்பிப் பார்த்தார். "மெசேஜே வரலையே டீச்சர்" என்றார். போன் கெட்டுவிட்டது என்று நினைத்தார் பாவம். தப்பு தன் போனில்தான் இருக்கும் என்று நினைக்கிற மனிதரிடம் நான் உண்மையைச் சொல்ல வேண்டியிருந்தது. மழுப்பலாம் என்று ஒரு கணம் தோன்றியது, அதையும் இங்கே எழுதிவிடுகிறேன். ஆனால் சொன்னேன். வளைவு, ஜீப், பச்சை எல்லாவற்றையும் சொன்னேன்.

அவர் கத்தியிருந்தால் எனக்குக் கொஞ்சம் நிம்மதியாக இருந்திருக்கும். போனைத் திரும்பச் சட்டைப் பையில் வைத்தார். அப்புறம் மெதுவாகச் சொன்னார்: "எங்க அய்யா சொல்லுவாருங்க. அங்க தோட்டத்துல வெள்ளனே பெரட்டு எடுப்பாங்களாம், அதான் ஆள் கூட்டிப் பேர் வாசிக்கிறது. ஒருத்தன் வரலைன்னா கணக்கப்புள்ள அவங்க இருந்த லயத்து வீட்டுக்கே வந்து கதவத் தட்டுவாராம். கூலிக்காரனையே தேடி வந்திருக்காங்க டீச்சர். நான் படிக்கிற புள்ளையத்தான உங்ககிட்ட விட்டேன்."

என் முப்பது வருஷத்தில் என்னை யாரும் இப்படிக் கேட்டதில்லை. இப்போதும் அந்தக் குரல் எனக்கு அப்படியே கேட்கிறது.

நடந்தது இதுதான். அம்மாவுக்குக் கர்ப்பப்பையில் கட்டி. படுத்த படுக்கையாகிவிட்டாள். புருஷனுக்குத் தெரிந்தால் இருக்கிற வேலையையும் விட்டுவிட்டு வந்துவிடுவார் என்று சொல்லாமல் மறைத்தாள். மகள் இரண்டு வாரம் அம்மாவைப் பார்த்துக்கொண்டாள். அப்புறம் அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சித்தி வந்து வீட்டில் தங்கினாள். நூல் மில்லுக்கு ஆள் பிடிக்கிற ஒருத்தி இவளைக் கீழே கூட்டிப்போனாள். வயதைக் கூட்டிச் சொல்லிச் சேர்த்திருக்கிறாள். முதல் மூன்று நாளில் ஒரே ஒரு செய்தி அந்தப் போனுக்குப் போயிருந்தால் இதில் ஒன்றுமே நடந்திருக்காது. அவர் வந்திருப்பார்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரும் நானுமாக அந்த மில்லுக்குப் போனோம். பார்வையாளர் அறை என்று ஒரு தகரக் கொட்டகை. அவள் முழங்கை வரை பஞ்சு ஒட்டிக்கிடக்க வந்து நின்றாள். முகம் ஒட்டிப்போயிருந்தது. "வீட்டுக்குப் போகலாம் தாயி" என்றார் அப்பா. "அம்மாவுக்கு ஆஸ்பத்திரிச் செலவு யாருப்பா பாக்குறது?" என்றாள். நானும் என்னென்னவோ சொன்னேன். பாடத்தை நானே பக்கத்தில் உட்கார்ந்து முடித்துத் தருகிறேன், என் வீட்டிலேயே தங்கிக்கொள், அம்மாவின் வைத்தியத்துக்கு நான் ஏற்பாடு செய்கிறேன் என்றேன். வயசு குறைவென்று புகார் கொடுத்து உன்னை வெளியே எடுப்பேன் என்று மிரட்டவும் செய்தேன். எல்லாவற்றையும் மரியாதையாகக் கேட்டுக்கொண்டாள். அப்புறம் கேட்டாள்:

"நான் வராதது உங்களுக்கு எப்பத் தெரியும் டீச்சர்?"

டிசம்பரிலேயே காதில் விழுந்தது, உறைத்தது போன திங்கட்கிழமைதான்.

"நான் வீட்டு வாசல்லயேதான் இருந்தேன். எங்கம்மா வேற சொல்லுச்சு, நீ வேணாப் பாரு, டீச்சர் வருவாங்கன்னு. அம்மா படிக்கிறப்ப நீங்க வந்து கூட்டிட்டுப் போனீங்களாமே." குறை சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னாள், அவ்வளவுதான். "பரிட்சைக்கு வாரேன் டீச்சர்" என்று கடைசியில் சொன்னாள். அது எங்களைச் சமாதானமாக அனுப்பிவைக்கச் சொன்ன வார்த்தை என்று தெரிந்தும் நான் அதைப் பிடித்துக்கொண்டேன்.

புகார் கொடுத்தேன். அதிகாரிகள் போய்ப் பார்த்து அவளை வெளியே அனுப்பினார்கள். அவள் மலைக்கு வரவில்லை. ஒட்டன்சத்திரத்தில் அப்பாவோடு தங்கி, அம்மாவின் ஆஸ்பத்திரிச் செலவுக்காக மார்க்கெட்டில் தக்காளி தரம் பிரிக்கப் போனாள். புத்தகங்களை அப்பாவிடம் கொடுத்தனுப்பினேன். பரீட்சை எழுத வருகை நாட்கள் குறையக் கூடாது. அதனால் தெரிந்தே, கை கூசக் கூச, வளைவில் உட்கார்ந்து அவளுக்குத் தினமும் பச்சை போட்டேன். மற்ற பதினெட்டுப் பேருக்கும் பள்ளிக்குப் போய்ப் பேர் வாசித்துவிட்டு, சிக்னல் கிடைக்கும் உயரம் வரை சரிவில் ஏறி நின்று பதிவு செய்தேன். தாமதமாகிறது என்று கேள்வி வந்தது. வரட்டும் என்று விட்டுவிட்டேன். பொய்ப் பச்சை அவளுக்கு மட்டும்தான். ஹால் டிக்கெட் வந்தது. அதில் அவள் படம், இரட்டைச் சடை, மில்லுக்குப் போவதற்கு முன்பு எடுத்தது. அதையும் அப்பாவே வந்து வாங்கிப்போனார்.

முதல் பரீட்சை தமிழ். எனக்கு வேறொரு மையத்தில் பணி. காலையில் போனை வாங்கி வைத்துவிடுவார்கள். விடைத்தாள் கட்டுகளை எண்ணி முடித்துப் போன் கைக்கு வந்ததும், என் பிள்ளைகள் எழுதிய மையத்தின் கண்காணிப்பாளரைக் கூப்பிட்டேன். "உங்க பிள்ளைங்க நல்லா எழுதினாங்க டீச்சர். ஒரே ஒரு பொண்ணுதான் வரல" என்றார். பேரை அவர் சொல்லுமுன் நானே சொன்னேன். ஆமாம் என்றார். பட்டியலில் ஆப்சென்ட் என்று போட்டாயிற்று என்றார்.

அந்த வருஷம் அவள் வரவில்லை என்று எழுதப்பட்ட முதல் நாள் அதுதான். அன்று சாயங்காலம் அவளுடைய அப்பாவின் போனுக்கு நானே கூப்பிட்டுச் சொன்னேன்.