நறுக்கிய ஆளி விதை

தானே புயல் ஊர் மரங்களையெல்லாம் சாய்த்துவிட்டுப் போனதே, அதற்கு அடுத்த பனிக்காலம் அது. புயலில் எங்கள் வீட்டு ஓடு பறந்து, நெல்லித்தோப்பில் தங்கை வீட்டில் ஒண்டிக் கிடந்தேன். அதனால்தான் வருஷம் மறக்கவில்லை. மில் வேலையும் போய்விட்டிருந்தது. மூலக்குளம் தாண்டி ஒரு விதை ஆராய்ச்சித் தோட்டத்துக்குத் தினக்கூலியாகப் போனேன்.

அங்கேதான் ஆளி விதையை முதன்முதலில் பார்த்தேன். எள்ளைவிடக் கொஞ்சம் பெரிது. வழுவழுப்பு, கையில் நிற்காது. பூ நீலம். காலையில் விரியும், வெயில் ஏறினால் இதழெல்லாம் தரையில் கிடக்கும். அதன் எண்ணெய் காற்றுப் பட்டால் இறுகிப்போகும். பெயிண்டுக்கு அது நல்லது. சமையலுக்கு ஆகாது, சீக்கிரம் காறல் வாடை வந்துவிடும்.

தோட்டத்தை நடத்திய டாக்டரம்மா, ஊசி போடுகிற டாக்டர் இல்லை, விதை படித்தவர். காறாத எண்ணெய் தரும் ஆளியை உண்டாக்கப் பார்த்தார். ஒருநாள் டீ குடிக்கும்போது சொன்னார்: "பெரியவரே, இந்தச் செடியில ஒரு குறை இருக்கு, அந்தச் செடியில வேற ஒரு குறை இருக்கு. ரெண்டு குறையும் ஒரே விதையில சேர்ந்தாத்தான் எண்ணெய் காறாது. ரெண்டையும் ஒட்டுச் சேர்த்தா, அதுங்களோட பேரப்பிள்ளைங்க பதினாறு பேர்ல ஒருத்தனுக்குத்தான் அது வாய்க்கும்."

"குறையைப் போயி யாராவது தேடுவாங்களாம்மா?" என்றேன். சிரித்தார்.

விதை அறைச் சாவி ஒரு பெண்ணிடம் இருந்தது. கனகசெட்டிக்குளத்திலிருந்து இரண்டு பஸ் மாறி வருவாள். அவள் வீட்டுக்காரர் படகில் விழுந்து இடுப்பு ஒடிந்து படுத்திருந்தார். அவள் கூலியில்தான் அடுப்பு எரிந்தது. என்னை அண்ணே என்பாள். கொண்டுவந்த கருவாட்டுக் குழம்பில் எனக்கும் ஒரு கரண்டி ஊற்றுவாள்.

விதைக்கிற அன்று டாக்டரம்மா வெளியூரில் இருந்தார். இவளும் வீட்டுக்காரரை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக வேண்டியிருந்தது. காலையில் தோட்டத்துக்கு வந்து சாவியை என்னிடம் கொடுத்தாள்.

"கவரைப் பிரிச்சி வரிசையா போட்டுடுண்ணே. வேற எதுவும் செய்யாத."

"பொறந்ததுலேர்ந்து வெத போட்ட கையி. எனக்கே சொல்லித் தர்றியா?"

"அதான் பயமா இருக்கு," என்று சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்கு ஓடினாள்.

சின்னச் சின்னக் காகித உறைகள். மேலே ஏதோ எழுதியிருந்தது, எனக்குப் படிக்கத் தெரியாது. பிரித்தால் உள்ளே எல்லாம் ஓரம் வெட்டுப்பட்ட விதை. எனக்கு மனசு கேட்கவில்லை. சின்ன வயசில் எங்கள் வீட்டில் விதைக்கு மல்லாட்டை, அதான் வேர்க்கடலை, உரிப்போம். பிளந்தது, நறுங்கினது எல்லாம் எங்கள் வாய்க்கு, முழுசு மட்டும்தான் நிலத்துக்கு. முளைக்காத விதையைப் போட்டு அந்த அம்மா ஏமாந்துவிடக் கூடாதே என்று நினைத்தேன். நறுக்கினதையெல்லாம் வரப்பில் கொட்டினேன். அலமாரி டின்னில் இருந்த முழு ஆளியை எடுத்து, உறைக்கு எத்தனையோ அத்தனை எண்ணிப் போட்டேன். கொட்டினதை எறும்பு இழுத்துக்கொண்டு போனது. அதைக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தது எனக்கு ஞாபகம் இருக்கிறது.

வரிசை பிசகாமல் முளைத்தது. "ஒண்ணுகூட தப்பலையே!" என்று டாக்டரம்மா பூரித்துப்போனார். எனக்கும் பெருமையாக இருந்தது.

அறுத்து எண்ணெயைச் சோதித்தபோது எல்லாமே பெயிண்டுக்கு ஆகிற எண்ணெய். டாக்டரம்மா எங்களை நிற்க வைத்துப் பேசினார். விதையின் ஓரத்தைப் பிளேடால் நறுக்கி, அந்தத் துணுக்கைத்தான் சோதித்தாராம். காறாதது என்று தெரிந்த விதையின் மீதியை மட்டும் உறையில் போட்டு வைத்தாராம், முளை அந்த மீதியில்தான் இருக்குமாம். அஞ்சு வருஷத்து வேலை. அதைத்தான் எறும்பு இழுத்துக்கொண்டு போயிருக்கிறது.

"சாவி யாருகிட்ட இருந்தது?"

"எங்கிட்டதாம்மா. விதைக்கிற அன்னிக்கி மட்டும் அண்ணங்கிட்ட குடுத்தேன்."

"நீங்க ஏதாவது மாத்துனீங்களா, பெரியவரே?"

"இல்லம்மா. கவருல இருந்ததத்தான் போட்டேன்."

வாயிலிருந்து அது தானாக வந்தது. அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். உறைகளை அவள்தான் மாற்றிக் குழப்பிவிட்டாள் என்று முடிவானது. அந்த வாரமே அவளை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். கேட்டில் என்னைக் கடந்து போகும்போது சொன்னாள்:

"நல்லா இருண்ணே. நாளையிலேர்ந்து கொழம்புக்கு வேற ஆளப் பாத்துக்க."

வேலை தோற்றதால் டாக்டரம்மாவும் அந்த வருஷத்தோடு போய்விட்டார். எந்த ஊர் என்று தெரியாது. ஆளியைப் பிடுங்கிவிட்டு அங்கே வேறு என்னவோ போட்டார்கள். நான் மட்டும் இன்னும் நாலு வருஷம் அங்கேயே கூலி வாங்கினேன்.

போன தை மாசம் நெல்லித்தோப்பு மார்க்கெட்டில் அவளைப் பார்த்தேன். மீன் கூடைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தாள், வெறும் நெற்றியோடு. சொல்லிவிட வேண்டும் என்றுதான் கிட்டப் போனேன்.

"என்னா மீனு வேணும்?" என்றாள். அண்ணே இல்லை.

"கவலை மீனு இருந்தா குடு," என்றேன். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் அதை யாரும் சமைக்கவில்லை, நாறிப்போனது.

இப்போது முட்டி மடங்குவதில்லை, மார்க்கெட் வரைக்கும் என்னால் நடக்க முடியாது. முட்டி நன்றாக இருந்தாலும் போயிருப்பேனா, தெரியாது. இதைக் கேட்கிற நீங்கள் யாராவது அந்தப் பக்கம் போனால், கனகசெட்டிக்குளத்து அம்மா எங்கே என்று விசாரியுங்கள். உறையில் கைவைத்தது அந்தக் கிழவன்தான், அவனே சொன்னான் என்று சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரர்கள் காதிலும் விழும்படி சொல்லுங்கள்.