வட்டத்துக்கு மூளை இல்லை

உலகம் உருண்டை என்று கண்டுபிடித்தவர் என் அக்காவிடம் ஒரு வாரம் படித்திருந்தால், பாதி நாளில் வேலையை முடித்துவிட்டுத் தூங்கியிருப்பார். வட்டமும் சதுரமும் அவளைத் தெருவில் கண்டால் ஒதுங்கி நின்று வணக்கம் வைக்கும்.

அப்பேர்ப்பட்டவள் அன்று காலை சாப்பிடாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தாள். பாலர் வகுப்பில் அவளுக்கு மூன்று மாதத் தற்காலிக வேலை. பத்து மணிக்குத் தலைமையாசிரியை வருவார். பிள்ளைகள் வடிவங்களைச் சரியாகச் சொன்னால் வேலை நிரந்தரம், இல்லையென்றால் அன்றோடு சரி. தட்டைத் தொட்டு ‘வட்டம்’ என்றாள். கதவைத் திறந்து ‘செவ்வகம்’ என்றாள். பையிலிருந்த அட்டை வடிவங்களை எண்ணினாள், மூடினாள், மறுபடி எண்ணினாள்.

முந்தின நாள் எங்கள் வீட்டில் ஒத்திகை நடந்தது. சுண்டெலி என்று நாங்கள் கூப்பிடும் பக்கத்து வீட்டுப் பையன் அவள் வகுப்புதான், நாலு வயது. முக்கோணத்துக்கு மூணு மூலை, வட்டத்துக்கு மூலையே இல்லை என்று அவனுக்கு உருப்போட வைத்தாள். அவள் தண்ணீர் குடிக்கப் போன நேரத்தில் நான் அவன் மண்டையைத் தட்டி, மூலை இல்லடா, மூளை, உனக்கு ஒண்ணு, முக்கோணத்துக்கு மூணு என்று திருத்திவிட்டேன். சும்மா சிரிக்கத்தான். காலையில் இப்படி நடை நடப்பாள் என்று தெரிந்திருந்தால் வாயைத் தைத்துக்கொண்டிருப்பேன்.

பத்து மணிக்கு வகுப்புக்கு வந்த தலைமையாசிரியை, இருபது பிள்ளைகளில் சொல்லிவைத்தாற்போல் சுண்டெலியை எழுப்பினார். வட்டத்தைக் காட்டி, இதற்கு எத்தனை மூலை என்று கேட்டார்.

“வட்டத்துக்கு மூளையே இல்ல மிஸ். முக்கோணத்துக்குத்தான் மூணு மூளை,” என்று தன் மண்டையைத் தட்டிக் காட்டினான்.

அவர் சிரிக்கவில்லை. பேனாவைத் திறந்தார். அக்காவின் கை துப்பட்டா நுனியை முறுக்கியது. பிறகு முக்கோணத்தைத் தலைகீழாக அவன் கையில் கொடுத்து, குத்துகிற இடத்தையெல்லாம் தொடச் சொன்னாள்.

“இங்க குத்துது. இங்கயும். இங்கயும்.”

வட்டத்தைக் கொடுத்தாள். சுற்றிச் சுற்றித் தடவிப் பார்த்தான்.

“இது குத்தவே மாட்டேங்குது மிஸ்.”

பேனா மூடிக்கொண்டது.

சாயங்காலம் வந்த அக்கா, வேலை நிரந்தரமாகிவிட்டது என்று மட்டும் சொல்லிவிட்டு உட்கார்ந்தாள். அப்போதும் கால் ஆடிக்கொண்டேயிருந்தது. நான் பெரிய மனிதன்போல, “பின்ன, வட்டத்த அவ்வளவு நேரம் தடவினவனுக்குப் புரியாமப் போகுமா?” என்றேன்.

கால் நின்றது.

“அவன் தடவினத நான் சொல்லவே இல்லையே. ஜன்னலுக்கு வெளிய தெரிஞ்ச தலை யாருதுடா? உனக்கு இன்னைக்கு ஸ்கூல் இல்ல?”