மழையிலும் படம் காட்டிய டிஷ்

முற்றத்தில் நிற்கும் அந்தப் பெரிய டிஷ்ஷைக் கழற்றச் சொல்லி நீங்கள் இரண்டு பேரும் கேட்டுக்கொண்டே இருக்கிறீர்கள். பழைய இரும்பு எடுப்பவரும் வாசலில் வந்து விசாரித்துவிட்டுப் போனார். வீட்டைவிட டிஷ் பெரிசு என்று பள்ளிக்கூடத்தில் கேலி பேசுவது எனக்கும் தெரியும். அது எதற்காக வந்தது என்பது உங்களுக்குச் சரியாகத் தெரியாது. அப்போது நீங்கள் சின்னப்பிள்ளைகள். வாயால் சொன்னால் பாதியில் நின்றுவிடுவேன். அதனால்தான் எழுதுகிறேன்.

உங்கள் அம்மா போன ஜீப் மலையேறுகிற மெட்டுச் சாலையில் கவிழ்ந்தது மட்டும் உங்களுக்குத் தெரியும். மேலே கேரளத்து ஏலக்காய்த் தோட்டத்து வேலைக்குப் போகிற ஜீப். அதில் அம்மாவுக்குக் கழுத்து போய்விட்டது. தலையைக் கொஞ்சம் திருப்புவாள், பேசுவாள், அவ்வளவுதான். மருந்துக்கும் உங்கள் படிப்புக்கும் என் திராட்சைப் பந்தல் கூலி எட்டவில்லை. பன்னிரண்டாம் வகுப்போடு உங்கள் அக்கா படிப்பை நிறுத்திவிட்டு, அம்மா போன அதே தோட்டத்துக்கு, அதே பாதையில் ஜீப் ஏறினாள். நான் வேண்டாம் என்று சொல்லவில்லை. சொல்ல எனக்கு வழி இல்லை.

அக்கா போன பிறகு, பகல் முழுக்க அம்மாவுக்கு ஒரே நினைப்புத்தான். ஜீப் போய்ச் சேர்ந்ததா, திரும்பி வருமா. தோட்டத்தில் டவர் கிடையாது, போன் எடுக்காது. மேலே மண் சரிந்தாலும், சாலையை அடைத்தாலும் மலையாளச் செய்திச் சேனலில்தான் முதலில் காட்டுவார்கள். நம் சேனல்களுக்கு அந்த மலை ஞாபகம் வருவது யாராவது செத்த பிறகுதான். அத்தனை வருஷம் தோட்டத்தில் கிடந்ததில் அம்மாவுக்கு மலையாளம் நன்றாக விளங்கும். படிக்கத்தான் தெரியாது.

அதனால் காலையிலேயே அந்தச் சேனலைப் போட்டு, டி.வி.யை அவள் தலை திரும்பும் பக்கத்தில் வைத்துவிட்டு வேலைக்குப் போவேன். அப்போது இருந்தது எல்லார் வீட்டிலும் இருக்கிற சின்ன டிஷ். மேகம் கறுத்தாலே படம் கட்டம் கட்டமாக உடையும். மழை பிடித்துவிட்டால் சிக்னல் இல்லை என்று எழுதிக்கொண்டு நின்றுவிடும். மழை இல்லாத நாளில் அவளுக்கு அந்தச் செய்தி எதற்கு? மழை நாளில்தான் வேண்டும். அந்த நாளில்தான் அது வராது. ஒருநாள் சாயங்காலம் நான் வந்தபோது நீல நிறத் திரையைப் பார்த்தபடியே கிடந்தாள். எப்போதிருந்து அப்படி என்று கேட்டேன். "நீங்க போனதுல இருந்து" என்றாள்.

தேனியில் ஒரு கடைக்குப் போனேன். மழையிலும் தெரிகிற டிஷ் வேண்டும் என்றேன். கடைக்காரர் சிரித்துவிட்டார். "எல்லாரும் எத்தனை சேனல் வரும்னுதான் கேப்பாக. நீங்க ஒருத்தர்தாண்ணே மழையக் கேக்குறீக."

நல்ல மனுஷன். உட்காரவைத்து விளக்கினார். சின்ன டிஷ் பிடிக்கிற அலையை மழை குடித்துவிடுமாம். பெரிய டிஷ் பிடிப்பது வேறு அலை, மழைக்குள் புகுந்து வந்துவிடும். மலையாளச் செய்திச் சேனல்கள் அதில் மாதக் கட்டணம் இல்லாமல் வரும். மலை மறைக்காதா என்று கேட்டேன். நம் ஊருக்கு அந்தச் செயற்கைக்கோள் ஏறக்குறைய தலைக்கு மேலே நிற்கிறது, மலையை மறந்துவிடுங்கள் என்றார்.

தகடு டிஷ்ஷும் இருந்தது, கம்பிவலை டிஷ்ஷும் இருந்தது. தகடுதான் கூடுதலாகப் பிடிக்கும் என்றார். எனக்கு நம் ஆடிக் காற்றின் நினைப்பு வந்தது. பந்தலில் பார்த்திருக்கிறேன். காற்றை மறிக்கிறது சாயும், விடுகிறது நிற்கும். டிஷ் விரல் கனம் நகர்ந்தாலே படம் போய்விடும் என்று அவரே சொல்லியிருந்தார். வலை டிஷ்களை ஒவ்வொன்றாக வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்து, வலைக்கண் நெருக்கமாகவும் வளைவில் நெளிவு இல்லாமலும் இருந்ததை எடுத்தேன். பந்தலுக்கு நடுகிற கல்தூணை முற்றத்தில் ஊன்றி, அதன் மேல் ஏற்றினோம். தென்னை மறைக்காத இடமாகப் பார்த்து நட்டதால்தான் அது நடைபாதையிலேயே நிற்கிறது.

தெருவில் கூட்டம் கூடிவிட்டது. எதிர்வீட்டுப் பெரியவர், "என்ன மாப்ள, அமெரிக்காக்காரன் பேசுறத ஒட்டுக்கேக்கப் போறீகளா?" என்றார். அக்கா உள்ளே ஓடி அம்மாவிடம் அளவைக் கையால் விரித்துக் காட்டினாள். "ஆத்தா, அதுல உன்னையப் படுக்க வச்சு ஆட்டலாம்." அம்மா, "படுக்கைக்கா எனக்குப் பஞ்சம்?" என்றாள். அன்றைக்கு எல்லோரும் சிரித்தோம்.

டிஷ் சொன்னபடி நடந்தது. தூறலிலும் காற்றிலும் படம் துளி அசையவில்லை. கரண்டு போனால் தாங்க பேட்டரியும் வைத்திருந்தேன். எல்லாவற்றையும் யோசித்துவிட்டேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

ஐப்பசி மழை அந்த வருஷம் ஊற்றியது. ஒருநாள் மத்தியானத்துக்கு மேல் பந்தலில் நிற்க முடியாமல் சீக்கிரம் வீட்டுக்கு வந்தேன். மத்தியானக் கஞ்சி கொடுக்க வருகிற பக்கத்து வீட்டு அத்தை, தன் வீட்டுக்குள் தண்ணீர் ஏறியதால் அன்றைக்கு வரவில்லை. நம் கூரை தகரம். மழை அதன் மேல் கொட்டுகிற கொட்டில், நான் அம்மாவைக் கூப்பிட்ட சத்தம் எனக்கே கேட்கவில்லை. டி.வி. ஓடிக்கொண்டிருந்தது. கண்ணாடி மாதிரி படம். சத்தம் ஒரு சொட்டுக்கூடக் காதில் விழவில்லை. கூட்டிவைக்க அம்மாவுக்குக் கை ஏது?

அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். கண்ணீர் வழிந்து காதுக்குள் தேங்கியிருந்தது. வாயருகே காதை வைத்தேன். "பிள்ள போயிருச்சு. நான் பாத்துட்டேன். உங்க சட்ட."

தோட்டத்துக்குப் போகிற பெண்கள் சேலைக்கு மேல் ஆம்பளைச் சட்டை போடுவார்கள் இல்லையா. ஒரே கட்டம் போட்ட துணியில் எனக்கு இரண்டு சட்டை இருந்தது. பழசானதும் ஒன்றை அம்மா போட்டாள், இன்னொன்றை அக்கா போட்டாள்.

திரும்பிப் பார்த்தேன். அந்தப் படம் மறுபடி வந்தது. கவிழ்ந்த ஜீப். நாலு பேர் ஒரு பெண்ணைத் தூக்கி வருகிறார்கள். முகம் தெரியவில்லை, என் கட்டம் போட்ட சட்டை தெரிகிறது. நானும் அக்காதான் என்று நம்பி டி.வி.க்குக் கிட்டே போனேன். அப்புறம்தான் சாலையில் உருண்டு கிடந்த தூக்குவாளியைப் பார்த்தேன். கைப்பிடியில் நீல நைலான் கயிறு. நான் கட்டிக் கொடுத்த கயிறு அது. அந்த வாளி அம்மா விழுந்த அன்றைக்கே தொலைந்துபோனது.

சத்தத்தை முழுதாகக் கூட்டிக் கேட்டேன்; மலையாளப் பேச்சு எனக்கும் ஓரளவு விளங்கும். மழையால் ஜீப்புகளை நிறுத்திவிட்டார்கள், அதற்குத்தான் பழைய படத்தைக் காட்டுகிறார்கள். மூலையில் பழையது என்று எழுதியும் இருந்திருக்கும். அந்த எழுத்து எங்கள் இரண்டு பேருக்கும் தெரியாது.

"அது அவ இல்ல. அது நீ" என்று அம்மாவின் காதில் கத்தினேன். "வாளியப் பாரு. நீதான் அது."

படம் மறுபடி வரும்வரை கண் கொட்டாமல் பார்த்தாள். அந்த நாலு பேரும் தூக்கியபோது, அவள் தலை பின்னால் தொங்கி ஆடியது. தூக்கியவர்கள் முறை தெரியாமல் தூக்கியதில்தான் கழுத்து முழுதாகப் போனது என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் சொன்னதை நான் அம்மாவிடம் சொன்னதே இல்லை.

"என்னையவா அப்படித் தொங்கப்போட்டுத் தூக்குனாக?" என்றாள்.

நான் அவள் காதில் தேங்கியிருந்த கண்ணீரைத் துடைத்துவிட்டேன்.

இருட்டுகிற நேரத்தில் அக்கா வந்தாள். ஜீப் இல்லாததால் மலைப்பாதையில் நடந்தே இறங்கியிருக்கிறாள். முழுக்க நனைந்து, கால் எல்லாம் அட்டை கடித்த ரத்தம். அம்மா அவளைக் கன்னத்தோடு கன்னம் வைக்கச் சொன்னாள். தொட்டால் தெரிகிற இடம் அம்மாவுக்கு அது ஒன்றுதான் மிச்சம். ரொம்ப நேரம் அப்படியே இருந்தார்கள். என்ன நடந்தது என்று நாங்கள் அக்காவிடம் சொல்லவில்லை. இன்றைக்கும் அவளுக்குத் தெரியாது.

சாலை திறந்ததும் ஜீப் ஹாரன் அடித்தது, அக்கா அதே சட்டையோடு ஏறிப் போனாள். இனி அந்தச் சேனலே வேண்டாம் என்று டி.வி.யை வேறு பக்கம் திருப்பப் போனேன்.

"திருப்பாதீக" என்றாள் அம்மா. "பாக்காட்டி மட்டும் நான் நிம்மதியாவா கிடப்பேன்? சத்தத்தக் கூட்டி வச்சிட்டுப் போங்க."

அதற்குப் பிறகு மழை நாளில் நம் வீடு மலையாளத்தில் அலறும். பள்ளிக்கூடம் விட்டு வந்து நீங்கள் காதைப் பொத்திக்கொண்டு சண்டை போடுவீர்கள். அம்மா திரையைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அடுத்த ஆடிக்குள் படுக்கைப்புண் காய்ச்சலில் போய்விட்டாள்.

அக்கா இன்னும் அந்த ஜீப்பில்தான் போகிறாள். இப்போது மழை பிடித்தால் நான் பந்தலில் இருந்து ஓடி வந்து அந்தச் சேனலைப் போடுகிறேன். நான் வர முடியாத நாளில், வீட்டில் இருக்கிறவர் போடுங்கள். சத்தத்தைக் குறைக்க வேண்டாம். டிஷ்ஷின் மேல் துணி காயப்போடவும் வேண்டாம், நகர்ந்துவிடும்.