நாங்கள்தான் கூப்பிட்டோம்

அந்த நடிகையைத் தாராவிக்கு வரவழைத்தது நான்தான். இன்று யார் கேட்டாலும் சொல்வேன். சொல்ல வேண்டிய அன்று என்னைச் சொல்ல விடவில்லை, அவ்வளவுதான்.

அறுபதுகளின் நடுவில் எங்கள் பகுதிக்கு மொத்தமும் ஒரே குழாய், அதுவும் ரோட்டைத் தாண்டி. விடிவதற்கு முன்பே குடத்தை வரிசையில் வைத்துவிட்டுக் காவல் இருக்க வேண்டும். முந்தின வருஷம் நிறைகுடத்தோடு வழுக்கி விழுந்து வயிற்றில் இருந்ததை இழந்திருந்தேன். இப்போது மறுபடியும் முழுகாமல் இருந்தேன். எங்கள் ஓட்டை வாங்கிப் போன தலைவர் அன்னியர் இல்லை, சொந்த ஊரில் எங்களுக்குப் பக்கத்துத் தெருக்காரர். குழாய் கேட்டுப் போனால் ஒவ்வொரு தடவையும் அடுத்த மாசம் என்பார்.

மதராசிலிருந்து அந்த நடிகை மாதுங்காவில் நாடகம் போட வந்திருப்பதாகக் கேள்விப்பட்டேன். ஏழைபாழைகளுக்காக மேடையில் பேசுகிறவர் என்று பெயர். தோல் கிடங்கு வேலைக்கு அன்று மட்டம் போடச் சொல்லி என் கணவரை இழுத்துக்கொண்டு போனேன். நடிகை தங்கியிருந்தது ஆபீஸ் உத்தியோகக் குடும்பத்து வீடு. எங்கள் மேல் வந்த தோல் வாடைக்கு எங்களை மாடிப்படிக்குக் கீழேயே நிறுத்திவிட்டார்கள். நடிகையே இறங்கி வந்தார். நான் சொன்னதை முழுக்கக் கேட்டார். தான் வந்தால் எங்களுக்கு ஏதும் தொல்லை வராதா என்று விசாரித்தார்.

"நீங்க வாங்கம்மா. யாரு கேட்டாலும் நாங்கதான் கூப்பிட்டோம்னு சொல்லுதோம்" என்று என் கணவர் கையெடுத்துக் கும்பிட்டார். இப்படி ஒரு ஆம்பிளைக்கு வாழ்க்கைப்பட்டோமே என்று எனக்கு அன்றைக்குப் பெருமையாக இருந்தது.

மறுநாள் காலையில் நடிகை ஒரு பத்திரிகைக்காரரோடு வந்துவிட்டார். கையசைத்துவிட்டுப் போவார் என்று நினைத்தோம். அவரோ என் குடத்தை வாங்கி இடுப்பில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார். முந்தப் பார்த்த ஒருத்தியை, வரிசையில வாங்கக்கா என்று அவர் அதட்ட, குழாயடியே சிரித்தது. பத்திரிகைக்காரர் ஏதோ கேட்டதற்கு, இத்தனை வீட்டுக்கு ஒரு குழாயை வைத்துவிட்டு எந்த மூஞ்சியோடு ஓட்டுக் கேட்டு வருகிறார்கள் என்று பட்டென்று சொல்லிவிட்டார்.

படத்தோடு அது பேப்பரில் வந்தது. தலைவருக்கு மூக்குக்கு மேல் கோபம். கூத்தாடிக்கு அரசியலில் என்ன வேலை, எதிர்க்கட்சியிடம் காசு வாங்கிக்கொண்டு படம் பிடித்துக்கொள்ள வந்தவள் என்று மேடை போட்டு ஏசினார். தாதரில் ஒட்டியிருந்த நடிகையின் சினிமா போஸ்டர்களில் தார் பூசினார்கள். ஞாயிற்றுக்கிழமைக் காலைக் காட்சிக்கு வரவேண்டிய அவர் படத்தைத் தியேட்டர்காரர் நிறுத்திவிட்டார். மிச்சமிருந்த நாடகமும் ரத்தானது. நடிகை பதிலுக்கு ஒன்றுதான் சொன்னார். தானாகப் போகவில்லை, அந்த ஜனங்கள் கூப்பிட்டார்கள், வேண்டுமானால் அவர்களையே கேளுங்கள் என்றார்.

கேட்டார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அம்மன் கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். பம்பாய்க்கு வந்தும் எங்கள் ஊர்க்காரர்களுக்குக் கோர்ட்டும் கச்சேரியும் அதுதான். பேப்பர்காரர்களும் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை என்று ஊர் சொல்லிவிட்டால் சந்துக்குள்ளேயே புதுக் குழாய் வரும் என்று தலைவரின் ஆட்கள் முன்கூட்டியே வீடு வீடாகச் சொல்லி வைத்திருந்தார்கள். எனக்கும் அது தெரியும். ஆனாலும் நான் பயப்படவில்லை. யார் மாறினாலும் என் வீட்டுக்காரர் மாறமாட்டார் என்று இருந்தேன்.

தட்டில் சூடம் ஏற்றினார்கள். எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து ஒன்றைச் சொல்லிவிட்டால், எங்களுக்கு அதற்கு மேல் சாட்சி கிடையாது. என் கணவர் எழுந்து போனார். நான் இருந்த பக்கம் திரும்பவே இல்லை.

"நாங்க யாரும் கூப்பிடல. அவியளாத்தான் வந்தாவ" என்று சொல்லி அணைத்தார்.

பொய் என்று கத்திக்கொண்டு எழுந்தேன். கூட்டத்தில் பெண் பேச்சை யார் மதித்தார்கள். பிள்ளைத்தாய்ச்சி வெயிலில் இருந்துவிட்டு என்னவோ உளறுகிறாள், கூட்டிப் போங்கள் என்றார் ஒரு பெரியவர். குழாயடியில் அந்த அம்மாவோடு சிரித்துப் பேசிய அதே பெண்கள்தான் ஆளுக்கொரு கையாகப் பிடித்து என்னை வீட்டுக்குத் தள்ளிக்கொண்டு வந்தார்கள்.

பின்னாலேயே வந்த என் கணவரிடம், எப்படி மனசு வந்தது என்று கேட்டேன்.

"உனக்காவத்தாம்ட்டி. இந்தப் பிள்ளையாவது தங்கணும்லா" என்றார்.

பயந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால்கூட மன்னித்திருப்பேன். தான் சொன்ன பொய்யைத் தூக்கி, இன்னும் பிறக்காத குழந்தையின் தலையில் கட்டிவிட்டார்.

சொன்னபடி குழாய் வந்தது. தலைவர் மாலையும் கழுத்துமாக வந்து திறந்துவைத்தார். மகளும் நல்லபடியாகப் பிறந்தாள். அவளுக்குப் பல் முளைக்கும் சமயத்தில் ஒருநாள், எங்கள் வாசலை ஒட்டிய டீக்கடையில் கடைக்காரப் பாய் பேப்பரைச் சத்தமாக வாசித்துக்கொண்டிருந்தார். தாராவிக்காரர்கள் கைவிட்டுவிட்டார்களே என்று அந்த நடிகையிடம் மதராசில் யாரோ கேட்டிருக்கிறார்கள். அவங்க சொல்வது சரிதான், நானாகத்தான் போனேன், பாவம் அவங்களை விட்டுவிடுங்கள் என்று அவர் பதில் சொல்லியிருந்தார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தேன். டீ குடித்துக்கொண்டிருந்த என் கணவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"அவளே ஒத்துக்கிட்டா, பாத்தியாட்டி" என்றார்.

அந்த முகத்தில் கூச்சம் கொஞ்சமும் இல்லை. நிஜமாகவே அப்படித்தான் நடந்தது என்று நம்பத் தொடங்கியிருந்தார். அந்த மனிதரோடுதான் மிச்சக் காலம் முழுக்க நான் குடித்தனம் நடத்தினேன்.