பூட்ஸுக்கும் ஒரு பரிசோதனை

பண்ணையில் அவளை எல்லோரும் மருத்துவச்சி என்றுதான் கூப்பிடுவார்கள். பதினான்கு வருடமாகப் பன்றிகளுக்குப் பிரசவம் பார்ப்பவள். வழுக்கிக்கொண்டு வரும் குட்டியைப் பிடித்து, வாயைத் துடைத்து, காம்பில் சேர்ப்பாள்.

நான்கே நாளில் நூற்றுப்பத்துக் குட்டிகள் தண்ணீராகக் கழிந்து செத்தன. அள்ளிப் புதைத்தவளும் அவள்தான். ஆய்வகம் 'பன்றிக் கொரோனா' என்று எழுதி அனுப்பியது. முதலாளியின் மாப்பிள்ளைக்கு அந்த ஒரு சொல் போதும். மாமனார் தயவில் மேலாளரானவர். பன்றிக்கு எத்தனை காம்பு என்றுகூடத் தெரியாது.

"ஏம்மா, நீதான் ஒட்டவச்சிருக்க. டெஸ்ட்ல உனக்கு இருக்குன்னு வந்துச்சுன்னா, அதோட உன் வேலை அவ்வளவுதான்."

கால்நடை டாக்டர் இருமினார். "சார், இது மனுசங்களுக்கு வராது. சாணத்துல பரவுறது."

"கொரோனான்னா கொரோனாதானே? அவ மூக்குல எடுங்க."

டாக்டர் எடுத்தார். ஐந்து வருடப் படிப்பு ஓர் அதட்டலில் மடங்கிப் போனது.

முந்தின வாரம்தான் மாப்பிள்ளை ஆண் பன்றி பார்க்க வேறொரு பண்ணைக்குப் போனார். அங்கே குட்டிகள் கழிந்துகொண்டிருந்தன. வந்த பூட்ஸோடு நேரே பிரசவக் கொட்டகைக்குள் நடந்தார். வாசலில் காலை முக்கிக் கிருமி போக்க மருந்துத் தொட்டி இருக்கிறது. அது கூலிக்காரர் கால்களுக்கு என்பது அவர் நினைப்பு. சாவு தொடங்கியதும் பயத்தில் கொட்டகைப் பக்கமே வரவில்லை. அன்று கழற்றிய பூட்ஸ் கழுவாமல் அப்படியே அலுவலக வாசலில் கிடந்தது.

மருத்துவச்சி ஒரு பஞ்சுக்குச்சியை எடுத்து அதன் அடியில் காய்ந்திருந்த சாணத்தைத் தேய்த்தாள்.

"இதையும் அனுப்புங்க டாக்டர்."

"பேர் என்னன்னு எழுத?"

"மாப்பிள்ளைன்னு எழுதுங்க. மூக்கு இல்லாத மாப்பிள்ளை."

டாக்டர் சிரித்துவிட்டார். அனுப்பியும்விட்டார்.

முடிவு வரும்வரை வீட்டில் நாத்தனார் அவள் தட்டைத் தனியே வைத்தாள். "புள்ளைங்க இருக்குதுங்க அண்ணி, கோவிச்சுக்காதீங்க." மூடத்தனத்துக்குச் சம்பளம் கிடையாது, ஆனாலும் அந்த வேலைக்கு ஆள் குறைந்ததே இல்லை.

முடிவு வந்தது. மூக்கில் ஒன்றுமில்லை. பூட்ஸில் இருந்தது.

முதலாளி தாளை இரண்டு முறை படித்தார். பிறகு மாப்பிள்ளையை விட்டுவிட்டு அவளிடம் திரும்பினார். "யாரைக் கேட்டு எடுத்த?"

"என் மூக்குல மட்டும் யாரைக் கேட்டு எடுத்தாங்க ஐயா?"

அவளை வேலையை விட்டு நிறுத்தவில்லை. தன் பெருந்தன்மையால்தான் என்று மாப்பிள்ளை சொல்லிக்கொண்டு திரிந்தார். அந்த வாரம் இன்னும் ஒன்பது பன்றிகள் ஈன வேண்டியிருந்தது. மாப்பிள்ளையை வைத்தா பிரசவம் பார்ப்பார்கள்?